ஏற்காடா, தரங்கம்பாடியா?

சேலத்திலிருந்து ஒரு பழைய குடியிருப்பைக் காணப் புறப்படுவோர்க்கு அருகிலிருப்பது ஏற்காடு. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள சேர்வராயன் மலையில், மலையாளி எனப்படும் மலைவாழ் பழங்குடியினர் வாழ்ந்த மண்ணில், 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பரப்பிய காப்பித் தோட்டங்களே இன்றைய ஊரை உருவாக்கின.

தரங்கம்பாடியோ கடலை ஒட்டிய தாழ்வான மணற்கரை. தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் 1620இல் டேனிஷ்காரர் கால்பதித்து, கோட்டை கட்டி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்ற அவ்வூரில்தான், 1706இல் வந்திறங்கிய ஜெர்மானியக் கிறித்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு தமிழ் நூல்களை அச்சேற்றினார். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் அரித்துக்கொண்டது. 2004இல் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பைச் சிதைத்தது.

குளிர்ச்சிக்கு ஏற்காடு போதும். நிலமும் வரலாறும் பின்னிக்கிடப்பதைக் காண விரும்புவோர்க்கு, பயணம் நீண்டதாயினும், தரங்கம்பாடியையே உறுதியாகப் பரிந்துரைப்பேன். வெயில் தணிந்த தை, மாசி மாதங்களில் செல்வது நல்லது.