அமெரிக்க உள்நாட்டுப் போர்க் குறிப்புத் தொகுப்பு: தருமபுரி ஜெராக்ஸ் கடையில் 210 ரூபாய்க்கு வாங்கலாமா?

தருமபுரி பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளில் பி.ஜி. டி.ஆர்.பி. (முதுகலை ஆசிரியர் பணித் தேர்வு) வரலாற்றுக்குத் தயாராகிறவர்களும் எம்.ஏ. மாணவர்களும் கேட்டு வாங்கும் தொகுப்பு இது. ஏ4 தாளில் இருபுற அச்சு, 164 பக்கம், ஸ்பைரல் பைண்டிங். தொகுத்தவர் பெயர் எங்கும் இல்லை. கிருஷ்ணகிரியில் கிடைப்பது இதே தொகுப்பின் நகலுக்கு நகல். எழுத்து மங்கி, 8-க்கும் 3-க்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடுகிறது. ஆண்டுகள் நிறைந்த பாடத்தில் இது பெரிய குறை. தருமபுரிப் பிரதியையே வாங்குங்கள்.

வாங்கலாம் என்பதுதான் எங்கள் முடிவு. ஆனால் இதை 3-ம் பகுதிக்காக வாங்க வேண்டும். முதல் இரண்டு பகுதிகளில் இருப்பது எந்தக் கையேட்டிலும் கிடைக்கும்: லிங்கன் அதிபரான தேர்தல், அடிமை முறையைக் காக்க 11 தென்மாநிலங்கள் பிரிந்தது, 1861 ஏப்ரலில் சம்டர் கோட்டைத் தாக்குதல், 1863 ஜூலையில் கெட்டிஸ்பர்க், 1865 ஏப்ரல் 9-ல் தென்படைத் தளபதி ஜெனரல் லீ சரணடைந்தது. 'போரும் படைவீரனும்' என்ற 3-ம் பகுதி, 71-ம் பக்கம் முதல் 118 வரை, போருக்குப் போன மனிதன் எப்படி மாறினான், அவன் மாறியதால் ஊரும் சட்டமும் எப்படி மாறின என்று கேட்கிறது. தமிழில் தேர்வுக்குக் கிடைக்கும் குறிப்புகளில் இந்தக் கேள்வியைக் கேட்பதே அபூர்வம்.

அந்தப் பகுதியில் மிகச் சிறந்தது மேரிலாண்ட் பற்றிய ஒன்றரைப் பக்கம். மேரிலாண்ட் அடிமை முறை இருந்தும் ஒன்றியத்தை, அதாவது வடக்கு காத்து நின்ற அமெரிக்கக் கூட்டாட்சியை, விட்டுப் பிரியாத மாநிலம். 1863 ஜனவரி 1-ல் லிங்கன் வெளியிட்ட விடுதலைப் பிரகடனம் பிரிந்துபோன பகுதிகளின் அடிமைகளுக்கு மட்டும்தான், அதனால் மேரிலாண்டுக்குப் பொருந்தாது. அடிமை முறையை ஒழிக்கும் புதிய மாநில அரசியலமைப்பு 1864 இலையுதிர் காலத்தில் மக்கள் வாக்குக்கு வந்தது. உள்ளூரில் பதிவான வாக்குகளில் அது தோற்றுக்கொண்டிருந்தது. முகாம்களிலிருந்து படைவீரர்களின் வாக்குகள் வந்து சேர்ந்த பிறகு 375 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. 1861-ல் "ஒன்றியத்தைக் காக்கிறோம், அடிமைகளுக்காக இல்லை" என்று சொல்லிக்கொண்டு படையில் சேர்ந்தவர்கள் பலர். தெற்கே அணிவகுத்துப் போனபோது அவர்கள் அடிமை முறையை நேரில் பார்த்தார்கள். முதுகில் சவுக்குத் தழும்பு, தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட பிள்ளைகள், உயிரைப் பணயம் வைத்து முகாமுக்குத் தப்பி வந்து வழி காட்டியவர்கள். இந்த முறை இருக்கும்வரை போர் முடியாது என்ற எண்ணம் கணிசமானவர்களுக்கு அங்கேதான் உறுதியாயிற்று. 1864 அதிபர் தேர்தலில் லிங்கனுக்கு மொத்த வாக்கில் 55 சதவீதம். தனியாக எண்ணப்பட்ட படைவீரர் வாக்கில் முக்கால் பங்குக்கும் மேல். தொகுப்பு இந்த இரண்டு விவரங்களையும் அடுத்தடுத்து வைத்திருப்பது மிக நல்ல முடிவு. பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் இதை வைத்தே விடையைத் தொடங்கலாம்.

கறுப்பினப் படைவீரர்கள் பற்றிய 9 பக்கங்களும் தரமானவை. தரைப்படையில் சுமார் 1,79,000 பேர் என்று சரியாகவே கொடுத்திருக்கிறார்கள். சம்பளக் கணக்குதான் குழப்பமாக இருக்கிறது. "13 டாலர், 10 டாலர்" என்று மட்டும் போட்டிருப்பதால் வித்தியாசம் 3 டாலர் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். நடந்தது வேறு. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடைக்குத் தனிப்படி. கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். கையில் வருவது 7. கறுப்பினத்தவரைக் கொண்ட மாசசூசெட்ஸ் 54-வது, 55-வது படைப்பிரிவினர் இந்தக் குறைந்த சம்பளத்தை வாங்கவே மறுத்தார்கள். வீட்டில் பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போதும் மறுத்தார்கள். 1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமச் சம்பளம் வழங்கியது. போர் தொடங்கும்போதே சுதந்திர மனிதராக இருந்தவர்களுக்குச் சேர்ந்த நாள் முதலே பாக்கி கிடைத்தது, அடிமையாக இருந்தவர்களுக்கு 1864 ஜனவரி 1 முதல்தான். 83-ம் பக்க ஓரத்தில் இதை எழுதிக்கொள்ளுங்கள்.

திருத்திப் படிக்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. 91-ம் பக்கத்தில் "மயக்க மருந்து இல்லாமல் கை கால்களை வெட்டினார்கள்" என்று இருக்கிறது. தவறு. பெரும்பாலான அறுவைகளில் குளோரோபாம் அல்லது ஈதர் கொடுக்கப்பட்டது. கை கால் நீக்கம் அவ்வளவு அதிகமானதற்குக் காரணம் மினியே குண்டு. மெத்தென்ற ஈயம், 0.58 அங்குல விட்டம். எலும்பில் பட்டால் துளைத்துக்கொண்டு போகாது, நசுங்கி எலும்பைத் தூள் தூளாக்கும். சீழ் பிடித்தால் கிருமியைக் கொல்ல மருந்து இல்லாத காலம், எனவே வெட்டி எடுப்பதுதான் உயிரைக் காக்கும் வழி. மருத்துவர் கை கழுவாமல் ஒருவரிடமிருந்து அடுத்தவரிடம் போனதுதான் உண்மையான கொடுமை. தொகுப்பு அதைச் சொல்லவில்லை.

இறந்தோர் எண்ணிக்கை 6,20,000 என்பது பழைய கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011-ல் வெளியான ஆய்வு அதை 7,50,000 அளவுக்கு உயர்த்தியது. தேர்வில் கொள்குறி வினா வந்தால் பழைய எண்ணே விருப்பத்தில் இருக்கக்கூடும். விரிவான விடையில் இரண்டையும் எழுதுங்கள். எப்படிப் பார்த்தாலும் குண்டில் இறந்தவர்களைவிட நோயில் இறந்தவர்களே அதிகம். வயிற்றுப்போக்கும் டைபாய்டும்தான் முக்கியக் காரணம். கிராமத்துப் பையன்கள் சின்ன வயதில் தட்டம்மை வராதவர்கள். முகாமில் ஆயிரம் பேர் ஒன்றாகத் தங்கியதும் கொத்துக் கொத்தாக விழுந்தார்கள். இந்தக் காரணம் தொகுப்பில் தெளிவாக வந்திருக்கிறது.

மனநலம் பற்றிய பகுதி சுருக்கம், ஆனால் பிழையில்லை. வீட்டு ஏக்கம் அன்று நோயாகவே பதிவானது. வட படை மருத்துவர்கள் 5,000-க்கு மேற்பட்டோரை அப்படிப் பதிந்தார்கள். காரணமில்லாமல் நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கிய வீரர்களை ஆராய்ந்து டகோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் வெளியிட்ட கட்டுரையையும் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய குறை ஒன்று உண்டு, அதைப் பூசி மெழுக முடியாது. அடிமைகள் விடுதலையை லிங்கன் கொடுத்த வரமாகவே 2-ம் பகுதி எழுதுகிறது. 1861 மே மாதம் வர்ஜீனியாவின் மன்ரோ கோட்டைக்கு மூன்று அடிமைகள் தப்பி வந்தார்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப அங்கிருந்த வட படைத் தளபதி ஜெனரல் பட்லர் மறுத்தார். எதிரி இவர்களை வைத்துத்தான் பீரங்கி மேடு கட்டுகிறான் என்பது அவருடைய வாதம். செய்தி பரவியதும் நூற்றுக்கணக்கில், பிறகு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அதன் பிறகுதான் எதிரியின் அடிமைகளை அவனிடமிருந்து விடுவிக்க வழி செய்த 1861, 1862 பறிமுதல் சட்டங்கள், அதன் பிறகுதான் பிரகடனம். சட்டம் பின்னால் வந்தது, கால்கள் முன்னால் நடந்தன. இந்த வரிசை தலைகீழானால் பாடமே தலைகீழாகிவிடும்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது கென்டக்கியில் இருந்த வட படை முகாமான நெல்சன் முகாம். தொகுப்பில் ஒரு வரிகூட இல்லை. அடிமையாக இருந்த கணவன் படையில் சேர்ந்தால் அவனுக்கு விடுதலை, மனைவி பிள்ளைகளுக்கு இல்லை. அவர்கள் முகாமைச் சுற்றிக் குடிசை போட்டிருந்தார்கள். 1864 நவம்பரில், உறைபனியில், சுமார் 400 பெண்களையும் குழந்தைகளையும் ராணுவம் வண்டியில் ஏற்றி வெளியே தள்ளியது, குடிசைகளை இடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சீருடையில் நின்ற தகப்பன்மார் சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் வடக்கே பத்திரிகைகளில் வந்தன. 1865 மார்ச்சில் படைவீரரின் மனைவி, பிள்ளைகளுக்கும் விடுதலை அளிக்கும் சட்டம் நிறைவேறியது. போர் சமூகத்தை எப்படி மாற்றியது என்று கேட்டால் காட்ட வேண்டிய இடம் இதுதான்.

ஓய்வூதியப் பகுதிக்கு முழு மதிப்பெண். 1862 சட்டம் படைப்பணியால் உடல் முடங்கியவருக்கும், அதனால் இறந்தவரை நம்பியிருந்த விதவை போன்ற குடும்பத்தாருக்கும் மட்டும். 1890 சட்டத்தின்படி 90 நாள் பணி செய்து, பிறகு எக்காரணத்தாலோ உடலுழைப்பு முடியாமல் போன எந்த வட படை வீரரும் பெறலாம் என்றானது. 1890-களில் கூட்டாட்சி அரசின் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போனது. தென்படையினருக்கு இதில் எதுவும் கிடையாது, அவரவர் மாநிலம் கொடுத்தால்தான் உண்டு. வட படை வீரர் ஒருவரின் மகள் மாதம் 73.13 டாலர் வாங்கிக்கொண்டிருந்து 2020-ல்தான் காலமானார். அடிமைத் திருமணத்துக்குச் சட்டப் பதிவு கிடையாது என்பதால் கறுப்பின விதவைகள் அண்டை அயலார் சாட்சியோடு அலைய வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்திருக்கிறார்கள். தொகுத்தவருக்கு விஷயம் தெரியும்.

4-ம் பகுதியை அவசரத்தில் முடித்திருக்கிறார்கள். அடிமை முறையை ஒழித்த 13-வது அரசியலமைப்புத் திருத்தம் 1865, குடியுரிமை பற்றிய 14-வது 1868, வாக்குரிமை பற்றிய 15-வது 1870 என்று மூன்று வரி. 13-வது திருத்தத்திலேயே "குற்றத்துக்கான தண்டனை தவிர" என்று விலக்கு இருப்பதும், அதை வைத்துக் கைதிகளைச் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் குத்தகைக்கு விட்டதும் விடுபட்டிருக்கின்றன. 1877-ல் கூட்டாட்சிப் படை தெற்கில் காவலை விட்ட பிறகு என்ன ஆயிற்று என்பதும் இல்லை.

பின்னிணைப்பு மட்டும் இதை ஓரளவு ஈடு செய்கிறது. விடுதலையானவர்கள் பங்குப் பயிர் முறையில் எப்படிச் சிக்கினார்கள் என்று படிப்படியாக எழுதியிருக்கிறார்கள்: நிலமும் விதையும் கோவேறு கழுதையும் நிலக்காரருடையது, விளைச்சலில் பாதி அவருக்கு, அதுவரை சாப்பாட்டுக்குக் கடையில் வட்டிக்குக் கடன், பருத்தியை எடை போடுவதும் கணக்கு எழுதுவதும் கொடுத்தவரே, ஆண்டு முடிவில் பாக்கி. இதை 1976 கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தோடு ஒப்பிடுகிறார்கள். செங்கல் சூளை, கல்குவாரி முன்பணம் பற்றிக் கேள்விப்பட்ட நம் மாவட்ட மாணவருக்கு உடனே புரியும். நம் சட்டம் கடனையே ரத்து செய்கிறது, அமெரிக்காவில் 1865-ல் அது நடக்கவில்லை. இந்த வேறுபாட்டை அழுத்தமாகச் சொல்லியிருப்பது அருமை. 1843-ன் இந்திய அடிமை முறைச் சட்டத்தையும் ஒரு பத்தி சேர்த்திருக்கலாம்.

அச்சு விஷயத்துக்கு வருவோம். 12-ம் பக்க வரைபடம் மூலத்தில் மூன்று நிறம். கறுப்பு வெள்ளையில் எடுத்ததால் நீலமும் சிவப்பும் ஒரே சாம்பலாகிவிட்டன. டெலாவர், மேரிலாண்ட், கென்டக்கி, மிசூரி ஆகிய நான்கு எல்லை மாநிலங்களும் தென்மாநிலங்களோடு கலந்து தெரிகின்றன. அந்த நான்கையும் பச்சை பென்சிலில் தீட்டுங்கள், 1863-ல் தனி மாநிலமான மேற்கு வர்ஜீனியாவைக் கோடு போட்டுப் பிரியுங்கள். வளையம் சிறியதாகப் போட்டிருப்பதால் முதல் பத்துத் தாள் ஓட்டையில் கிழிகிறது. கடையில் கேட்டால் ஒரு அளவு பெரிய வளையம் மாற்றித் தருவார்கள், கூடுதலாக 15 ரூபாய். கடைசியில் உள்ள 60 கொள்குறி வினாக்களில் 44 வினா "எந்த ஆண்டு" வகை. 3-ம் பகுதியிலிருந்து இரண்டே வினா. அந்தத் தாள்களை விட்டுவிட்டு 118 பக்கம் வரையும் பின்னிணைப்பையும் மட்டும் நகலெடுத்துத் தரச் சொன்னால் 150 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.