ஐந்தடிக்குக் குறைந்த சேர்ஃப் பலகைக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? திருகோணமலைக்காரர் கவனத்துக்கு

திருகோணமலையில் நாலரை அடி, ஐந்தடி நீளத்தில் கட்டையான சேர்ஃப் பலகைகள், அதாவது அலையேறும் பலகைகள், செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் முகநூல் வழியாக ஓடர் எடுத்துக்கொண்டிருக்கிறார். உப்புவெளித் தம்பி ஒருவர் அவரிடம் 85,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பலகை, வாடைக் காலத்துக் கரையலையில் இரண்டாக முறிந்து எங்களிடம் திருத்த வந்தது. திருத்த முடியாது என்று தெரிந்ததும் நெடுக்காக வாள் போட்டு அறுத்துப் பார்த்தோம். உள்ளே இருந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆளின் பெயரைப் போடவில்லை. நாளைக்கு வேறு பெயரில் வந்தாலும் கீழே சொல்லும் அளவுகளில் பிடிபடுவார்.

விளம்பரத்தில் போட்டிருந்தது இது: "மினி சிம்மன்ஸ்", நீளம் 4 அடி 10 அங்குலம், அகலம் 22, தடிப்பு இரண்டே முக்கால், கொள்ளளவு 34 லீட்டர், உள்ளே ரெஜிபோம் (தெர்மோகோல்), மேலே எபொக்சி (துணியை இறுக வைக்கும் ஒரு ரெசின்), மிதிக்கும் பக்கம் இரண்டு படை ஃபைபர் துணி. அளவில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. தம்பியின் எடை 62 கிலோ, நன்றாக அலையேறுபவர். அவருக்கு இது சரியான அளவுதான். வேகப் படகுகளின் அடிப்பாகம் தண்ணீர்மேல் எப்படி எழும்புகிறது என்ற கணக்கைப் பலகைக்குக் கொண்டுவந்தவர் கலிபோர்னியாவின் பொப் சிம்மன்ஸ். அவர் 1954இல் இறந்துவிட்டார். அவருடைய நீளப் பலகைகளின் அகன்ற வாலையும் தட்டையான அடியையும் சுருக்கி எடுத்ததுதான் 2000களின் நடுவில் வந்த மினி சிம்மன்ஸ். நீளம் குறையும்போது போகிற மிதப்பை அகலத்திலும் தடிப்பிலும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் இந்த வகைப் பலகையில் தடிப்பில் கை வைப்பவர் முழுப் பலகையையும் ஏமாற்றுகிறார்.

முதல் அடையாளம் பாரம். இந்த அளவுப் பலகையை ஒழுங்காகச் செய்தால், வாலடியில் பூட்டும் செட்டையான ஃபின் இல்லாமல் இரண்டரைக் கிலோவுக்குள் நிற்கும். 34 லீட்டர் நல்ல ரெஜிபோம், கன மீட்டருக்கு 28 கிலோ வகை, ஒரு கிலோவுக்கும் குறைவு. மிச்சம் துணியும் ரெசினும். வந்த பலகை 4 கிலோ 300. தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஏன் இவ்வளவு பாரம்?" பதில்: "பாரம் இருந்தாத்தான் தம்பி காத்துக்கு ஆடாம நிக்கும்." நீளப் பலகைக்கு இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நாலே முக்கால் அடிப் பலகைக்கு இது வெறும் சாட்டு.

அறுத்த இடத்தில் கண்டது: குளிர்சாதனப் பெட்டிக்குள் வரும் பொதி ரெஜிபோம், மூன்று துண்டு, பசை போட்டு ஒட்டியது. பெட்டியின் மூலைக்கான பள்ளங்கள் அப்படியே இருந்தன. அவற்றில் வாகனத்துக்குப் பூசும் புட்டியை அடைத்து மட்டம் பண்ணியிருந்தார். அதன்மேல் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ற். அதன்மேல் மீன்பிடிப் படகுக்குப் போடும், நெய்யாத ஃபைபர் மெட், பக்கத்துக்கு ஒரு படை, படகு ரெசினில். எல்லாவற்றையும் மூடி நீலமும் வெள்ளையுமாகத் தடித்த வர்ணம்.

படகுக்கு அந்த மெட் நல்ல பொருள்தான். ஃபைபர் படகு திருத்தும் நம்மூர் ஆட்களின் கைபடாத படகு இந்தக் கரையில் குறைவு. பலகைக்கு அது பொருந்தாது. பலகைக்குப் போடும் நாலு அவுன்ஸ் நெய்த துணி சதுர மீட்டருக்கு 136 கிராம். மெட் 450 கிராம், தன் எடையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். பாரம் அங்கேதான் ஏறியது. இவ்வளவு பாரம் ஏற்றியும் பலம் வரவில்லை. காரணம் அந்தப் பெயின்ற்.

படகு ரெசின் பொலியெஸ்டர். அதிலுள்ள ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும். ஒரு சிரட்டை ரெசினை ரெஜிபோம் துண்டில் ஊற்றினால் கண்முன்னே குழி விழும். எபொக்சி அப்படிக் கரைக்காது, ஆனால் விலை கூட. எபொக்சி வாங்காமல் தப்ப, ஃபோமுக்கும் ரெசினுக்கும் இடையில் பெயின்றை வேலியாகப் பூசியிருக்கிறார். வேலி ஒன்றும் முழுதாக அடைக்கவில்லை. ஊசித் துவாரம் இருந்த இடமெல்லாம் ரெசின் இறங்கி, வால் பக்கம் ஒரு கைப்பிடி அளவுக்கு ஃபோமே இல்லை, வெறும் பொந்து. பெயின்ற் தடுத்த இடங்களில் தோல், அதாவது ஃபைபரும் ரெசினும் சேர்ந்த மேல்படை, ஃபோமோடு ஒட்டவே இல்லை; விரலை விட்டு இழுத்தால் முழுப் படையாகக் கழன்று வந்தது. சேர்ஃப் பலகையின் பலம் தோலும் ஃபோமும் ஒன்றாகப் பிடித்து நிற்பதில் இருக்கிறது. பிடி விட்டால் ஃபோம் தனியே வளைந்து முறியும். நடுவில் மரச் சட்டம் வைக்காததைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஐந்தடிக்குள் நல்ல தோல் போதும்.

அடுத்தது ரொக்கர், அதாவது அடிப்பாகத்தின் வளைவு. மினி சிம்மன்ஸின் அடி தட்டை என்றாலும் மூக்கு 8 முதல் 10 சென்றிமீட்டர் வரை எழும்ப வேண்டும். வால் இரண்டரைக்கு மேல் போகக் கூடாது. ஏழரை சென்றிமீட்டர் தடிப்புள்ள தட்டைப் ஃபோமிலிருந்து ஏழு சென்றிமீட்டர் பலகை எடுத்தால் வளைவுக்கு இடம் எங்கே? தடித்த கட்டியிலிருந்து வெட்ட வேண்டும், அல்லது ஃபோமை வளைத்து ஒட்ட வேண்டும். இவர் இரண்டும் செய்யவில்லை. மூக்கு மூன்றரை சென்றிமீட்டர்தான் எழும்பியிருந்தது, அதுவும் மூக்கின் அடியைச் சீவியதால் வந்தது. டச்சுக்குடாப் பக்கம் வாடைக் காலத்தில் அலை கரையோடு வந்து செங்குத்தாக உடையும். இப்படியான பலகை ஒவ்வொரு தடவையும் மூக்கைத் தண்ணீருக்குள் குத்தும். அதைத் தம்பி தன் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது இதிலேதான்.

கொள்ளளவு. நடு அளவுகளைச் சென்றிமீட்டரில் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து, 0.6ஆல் பெருக்குங்கள், மூக்கும் வாலும் அகன்ற கட்டைப் பலகைக்கு ஏறக்குறைய சரியாக வரும். (ஒடுங்கிய ஆறடிப் பலகைக்கு 0.53, 0.54 போடுங்கள்.) சொன்ன அளவுக்கு: 147 × 56 × 7, ஐம்பத்தேழரை லீட்டர், அதில் 0.6 என்றால் 34க்கு மேல். விளம்பரம் சரி. உண்மைப் பலகையில் ஏழு சென்றிமீட்டர் இருந்தது கால் வைக்கும் மெத்தை ஒட்டிய ஒரேயொரு இடத்தில், அந்த மெத்தையையும் சேர்த்து. மற்ற இடமெல்லாம் 5.7. கணக்குப் போட்டால் 28 லீட்டர். ஆறு லீட்டர் காணாமல் போனதோடு இரண்டு கிலோ கூடியும் இருக்கிறது. 62 கிலோ ஆள் அதில் படுத்துக் கையால் தண்ணீரை வலித்து நீரோட்டத்தைக் கடந்து வெளியே போவதே பாடு.

ஃபின் பற்றிச் சுருக்கமாக. அகன்ற வாலில் இரண்டு கீல் ஃபின்களும் (அடி அகன்ற ஃபின்கள்) பலகையின் பக்க ஓரத்துக்கு அருகே நிற்பதால் அவற்றில் நெம்பும் விசை அதிகம். ஃபின் பூட்டும் பெட்டியை ஃபோமுக்குள் குடைந்து, ரெசினில் இருத்தி, மேலே துணி போட்டு மூட வேண்டும். இங்கே புட்டியில் ஒட்டியிருந்தது. வால் நுனியிலிருந்து அளந்தால் ஒரு ஃபின் மற்றதைவிட 14 மில்லிமீட்டர் முன்னே. இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போனாலே பலகை ஒரு பக்கம் இழுக்கும்.

காசை முழுதாகக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை. மீன்கடைத் தொங்குதராசில் தூக்கிப் பாருங்கள். தடிப்பை நடுவில் மட்டும் அளக்காமல் மூக்கிலிருந்து 30 சென்றிமீட்டர், வாலிலிருந்து 30 சென்றிமீட்டர் உள்ளேயும் அளந்து பாருங்கள். தச்சரிடம் கலிப்பர் இருக்கும். பலகையைக் கவிழ்த்து நேரான அலுமினியச் சட்டத்தை நடுவில் படும்படி வைத்து இரண்டு முனையிலும் இடைவெளியைப் பாருங்கள். ஐந்து ரூபாய்க் குற்றியால் பலகை முழுதும் தட்டுங்கள்: ஒட்டிய இடம் இறுக்கமாக ஒலிக்கும், கழன்ற இடம் பொத்தென்று கேட்கும். சவர்க்காரத் தண்ணீர் பூசி வெயிலில் பத்து நிமிடம் வைத்தால் உள்காற்று விரிந்து துவாரமுள்ள இடத்தில் குமிழி வரும். அதற்கு மேல் வெயிலில் விடாதீர்கள், நல்ல ரெஜிபோம் பலகைகூடக் கொப்பளிக்கும்.

செய்பவரிடம் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: ரெசினை இறுக வைக்கக் கலக்கும் ஹார்ட்னர் எவ்வளவு? எபொக்சிக்காரர் இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று அளவு சொல்வார். நூற்றுக்கு ஒன்றிரண்டு, சில துளி என்றால் அது பொலியெஸ்டர். பொலியூரிதேன் ஃபோமுக்கு அது சரி, ரெஜிபோமுக்குக் கூடாது. வர்ணம் அடிக்கும் முன் படமும் கேளுங்கள். நெசவும் ஃபோமும் தெளிவாகத் தெரிய வேண்டும். படம் தர மறுத்தால் முன்பணம் கொடுக்க வேண்டாம். அலையேறப் பழகிக்கொண்டிருப்பவர்கள் யார் செய்தாலும் இந்த அளவுப் பலகை வாங்க வேண்டாம். ஏழடிக்கு மேல் போங்கள்.

இவரிடம் ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை வாடைக் காலத்தில் கடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். நீரோட்டத்தில் முறிந்தால், காலில் கட்டும் கயிறான லீஷோடு கையில் மிஞ்சுவது பாதிப் பலகை. திருத்துவதற்கும் காசு செலவழிக்காதீர்கள். ஒட்டாத தோலின்மேல் எத்தனை படை போட்டாலும் பிடிக்காது. தம்பி காசைத் திருப்பிக் கேட்டதற்கு, செய்தவர் "கல்லில் அடித்திருப்பாய்" என்று சொல்லித் தொடர்பைத் துண்டித்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் விவரம் சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். அதனால் விளம்பரத்தின் படம், வங்கிச் சீட்டு, குறுஞ்செய்திகள், தராசில் தூக்கிய படம், இவற்றை இன்றைக்கே எடுத்து வையுங்கள். பலகையை எறிந்துவிடாதீர்கள்.