வேளச்சேரியில் ஒரு தரைத்தள வீடு: ஐந்துக்கு ஒன்றரை

வாடகை 17,000. பராமரிப்பு 1,500 தனி. அட்வான்ஸ் ஒன்றே கால் லட்சம், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. விஜயநகர் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போகலாம், பறக்கும் ரயில் பக்கம். கொடுக்கிற காசெல்லாம் இந்த இடத்துக்குத்தான். வீடு அதோடு வரும் இலவச இணைப்பு.

படுக்கையறைச் சுவரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பார்க்கப் போன அன்று புது பெயின்ட் வாசனை அடித்தது. ஐப்பசி மழை பிடித்ததும் தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. விரல் வைத்தால் அப்பளம் போல நொறுங்குகிறது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. பீரோவில் இருந்த பட்டுப்புடவை வரை பூஞ்சை. ஓனரிடம் சொன்னேன். “பீரோவை அந்தச் சுவத்தோட ஒட்டிப் போட்டுடும்மா, வெளிய தெரியாது” என்றார்.

2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி பட்ட பாடு ஊருக்கே தெரியும். கேட்டால் “நம்ம தெருவுக்குத் தண்ணி வரலை” என்பார். ஆனால் வாசலில் பழைய ஈபி மீட்டர் இருந்த ஆணி ஓட்டைகள் இடுப்பளவில் அப்படியே இருக்கின்றன. இப்போதைய பெட்டி என் தலைக்கு மேலே. எதற்கு ஏற்றினார்களோ!

கரண்டுக்கு சப்-மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபாய். வீடுகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் இலவச யூனிட் மாடியில் இருக்கும் ஓனரோடு நின்றுவிடுகிறது. போர் தண்ணீர் மஞ்சள். பாத்ரூம் தரையின் வாட்டம் கதவை நோக்கி இருப்பதால், குளித்து முடித்தால் ஹாலையும் துடைக்க வேண்டும்.

நல்லது என்று பார்த்தால், ஓனர் வீட்டம்மா தங்கமானவர். கூரியர் வந்தால் வாங்கி வைப்பார்.

இதற்குப் போகிறவர்கள் அக்ரிமென்ட்டைக் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 2017 வாடகைச் சட்டம் 2019-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. வெள்ளையடிப்பதும் ஓனர் பொறுப்பு. அந்த ‘வேறு மாதிரி’யைத்தான் இங்கே பதினொரு மாத அக்ரிமென்ட்டில் வரி பிசகாமல் அடித்து வைத்திருக்கிறார்கள்: காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம். ஓதம் ஏறிய சுவருக்கும் சேர்த்துத்தான். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யலாமா என்று கேட்டதற்கு, “அதெல்லாம் எதுக்கும்மா” என்று முடித்துவிட்டார்.

தை மாதம் நாங்கள் காலி செய்கிறோம். இப்போதே டு-லெட் போர்டு மாட்டியாகிவிட்டது, 19,000 கேட்கிறார்களாம். வெயில் நாளில் போகாதீர்கள், ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய், கட்டிலுக்கும் பீரோவுக்கும் பின்னால் கை வைத்துப் பாருங்கள். பேசிப் பார்த்தால் பராமரிப்பில் ஐந்நூறு குறைப்பார், வாடகையில் இறங்கமாட்டார்.