இறங்கிய போர்டிகோ தளத்தைத் தூக்கி நிறுத்தும் ஃபோம் சேவை: வேலை நன்று, ஆலோசனை அரைகுறை

பள்ளிக்கரணைப் பக்கத்துக் களிமண் பூமியில் உள்ள எங்கள் வீட்டின் போர்டிகோ தளம், மொட்டைமாடி மழைநீர்க் குழாய் இறங்கும் மூலையில் ஏறக்குறைய இரண்டு அங்குலம் உள்வாங்கியிருந்தது. தெருவை நோக்கி இருக்க வேண்டிய வாட்டம் சுவர்ப்பக்கம் திரும்பியதால், வண்டி கழுவும் நீர்கூட அஸ்திவாரத்தை ஒட்டியே தேங்கியது. தளத்தில் துளையிட்டு பாலியூரித்தேன் ஃபோம் செலுத்தும் நிறுவனம் ஒன்றிடம் வேலையை ஒப்படைத்தோம்.

சுவரோடு தளம் ஒட்டியிருந்த விளிம்பை முதலில் கட்டிங் மெஷினால் அறுத்து விடுவித்தபின், விரல் நுழையும் அளவுக்குச் சிறிய துளைகள் இட்டார்கள். இரு திரவங்கள் துப்பாக்கி முனையில் கலந்து உள்ளே சென்று, நுரைத்துப் பருத்து, தளத்தை மேலே தள்ளுகின்றன. ஒருவர் ரசமட்டத்திலிருந்து கண்ணெடுக்காமல் கைகாட்ட, மற்றவர் விட்டுவிட்டுச் செலுத்தினார். அறுத்த இடுக்கின் வழியே பிதுங்கிய வெளிர்மஞ்சள் நுரை இறுகியதும் கத்தியால் சீவி எடுத்தார்கள். அன்றே காரை உள்ளே நிறுத்த முடிந்தது. வேலையின் நேர்த்தியில் எனக்குக் குறையே இல்லை.

சிமென்ட் குழம்பு செலுத்தும் பழைய முறை இதைவிட மலிவானது. அடியில் பெரிய பொந்து இருந்தால் அதுவே கட்டுப்படியாகும். ஆனால் அதற்குத் துளைகள் பெரிதாக, பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை, இருக்கும். தவிர, இறுகிய குழம்பு கன மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும், ஃபோமோ சில பத்து கிலோதான். ஏற்கெனவே அமுங்கும் களிமண்ணில் பாரத்தைக் கூட்ட வேண்டாம் என்பதே எங்கள் கணக்கு. தளம் துண்டு துண்டாக வெடித்திருந்தால் இரண்டுமே வீண். உடைத்துவிட்டு, மண்ணை அரையடி அடுக்குகளாக நிரப்பி, ஒவ்வொன்றையும் நனைத்துத் திமிசு போட்டு (இடித்து இறுக்கி), புதிதாகக் கான்கிரீட் இடுவதே சரி. கொத்தனார்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தத் திமிசைத்தான். மேலே சிமென்ட் பூசி மட்டமாக்குவது கண்ணுக்கு மட்டும் வைத்தியம்.

நிறுவனத்தின் மீது எனக்குள்ள மனக்குறை வேறு. மண்ணை அரித்தது மழைநீர்க் குழாய் என்பது பார்த்தாலே தெரியும். அதைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. குழாயை நீட்டித் தெருக்கால்வாயில் விட்டது எங்கள் பிளம்பர். வடகிழக்குப் பருவமழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் களிமண்ணை எந்த ஃபோமும் கட்டுப்படுத்தாது என்பதையும் அவர்களாகச் சொல்லவில்லை. செலவாகும் ஃபோம் திரவத்தின் எடைக்கு ஏற்பவே கட்டணம் என்பதால், இறுதித் தொகை மதிப்பீட்டைத் தாண்டிப் போனது.

வெடிக்காத தளம், நீர் வரும் வழி அடைக்கப்பட்ட இடம் என்றால் இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சுவரிலும் சாய்வான விரிசல் தெரிந்தால் முதலில் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். எதுவானாலும், அதிகபட்சத் தொகையை எழுத்தில் வாங்காமல் துளையிட விடாதீர்கள்.