போட்டிக் குதிரைக்கு வயித்துப் புண்: ஒமெப்ரசோலா, தீவனத்த மாத்துறதா?

குதிரை சாப்ட்டாலும் சாப்பிடலன்னாலும் அதோட வயித்துல ஆசிட் சுரந்துகிட்டேதான் இருக்கும், அதனால வெறும் வயித்துல ஓடவிட்டா அந்த ஆசிட் மேல்பக்கத்துல தெறிச்சு புண்ணாக்கிடும், ரேஸ் குதிரைங்கள்ல இது ரொம்ப சகஜம்.

ஒமெப்ரசோல்ங்கற மருந்து ஆசிட் சுரக்குறதையே குறைக்குது. குதிரையோட எடைல கிலோவுக்கு 4 மில்லிகிராம், தினம் ஒரு தடவ, 28 நாள், இதான் வழக்கமான கோர்ஸ். காலைல தீவனம் வைக்கிறதுக்கு முன்னாடி குடுத்தாதான் நல்லா வேலை செய்யும், இத நெறைய பேர் கண்டுக்கறதே இல்ல. மேல்பக்கப் புண் நல்லா ஆறும், ஆனா கீழ்ப்பக்கம், அதாவது சுரப்பி இருக்குற பகுதில வந்த புண்ணு இது மட்டும் குடுத்தா லேசுல ஆறாது, டாக்டருங்க சுக்ரால்ஃபேட்டும் (புண்ணு மேல படிஞ்சு பாதுகாக்குற மருந்து) சேர்ப்பாங்க. புண்ணு எந்தப் பக்கம்னு கேஸ்ட்ரோஸ்கோப்பி (வயித்துக்குள்ள கேமரா குழாய் விட்டுப் பாக்குறது) பண்ணாம சொல்ல முடியாது, அதனால சும்மா சந்தேகத்துல மருந்து வாங்கி ஊத்தாதீங்க.

தீவனம் பக்கம் வந்தா, காய்ஞ்ச புல்லு எப்பவும் முன்னாடி இருக்கணும், 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விடக்கூடாது. தானியத்த குறைங்க. குதிரைமசால்ல (லூசர்ன்ங்கற தீவனப்பயிர்) கால்சியம் ஜாஸ்தி, ஆசிட்ட கொஞ்சம் தணிக்கும், ஓட்டத்துக்கு முன்னாடி ஒரு கைப்பிடி குடுத்தா தெறிக்கிறதும் குறையும். ஆனா ஏற்கனவே ஆழமா வந்த புண்ண இது மட்டும் ஆத்தும்னு நம்பாதீங்க.

என் ஓட்டு: புண்ணு உறுதியாச்சுன்னா மருந்து, தடுக்குறதுக்கு தீவனம். தீவனத்த மாத்தாம மருந்த நிறுத்துனா புண்ணு திரும்ப வந்துடும். போட்டி இருந்தா மருந்து விதிய முன்னாடியே கேட்டுக்கோங்க, ரேஸுக்கும் ஜம்பிங்குக்கும் ஒரே விதி கிடையாது.