கட்டியங்காரன் இல்லாத கூத்து: ஓப்பன் வேர்ல்டு கேம்களில் கதை எங்கே நழுவுகிறது?

வேலூர், ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து. பாய் விரித்துப் படுத்தவர் இரண்டு மணிக்குக் கண்ணயர்ந்து நாலு மணிக்கு விழித்தாலும் கதை கைவிட்டுப் போகாது. புது வேஷம் வந்தால் திரைக்குப் பின்னாலிருந்தே தான் யார் என்று பாடும். கூத்தின் கோமாளியும் அறிமுகக்காரனுமான கட்டியங்காரன் குறுக்கே புகுந்து ஒரு கேள்வி கேட்பான். நடந்தது அத்தனையும் பதிலில் வந்துவிடும்.

ஓப்பன் வேர்ல்டு கேமில், அதாவது பெரிய உலகத்தில் இஷ்டம்போல் சுற்ற விடும் கேமில், தூங்குகிறவரும் நாம்தான், வேஷம் கட்டினவரும் நாம்தான். மகளைத் தேடிப் புறப்பட்ட வீரன் வழியில் மூலிகை பறித்து, சீட்டாடி, பத்து மணி நேரம் கழித்துத் திரும்புகிறான். கதையும் அவனுக்காக அசையாமல் காத்திருக்கிறது. எழுத்து மட்டமென்று திட்டப்படும் பல கேம்களில் கோளாறு எழுத்தில் இல்லை, இந்த இடைவெளியில்தான். அதை நான்கு கேம்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்க்கலாம். (கதை முடிச்சுகள் சில அவிழும். ஆடாதவர்கள் கடைசிப் பத்திக்குத் தாவிவிடலாம்.)

முதலில் சறுக்கியது: 2015-இல் வந்த ஃபால்அவுட் 4. கைக்குழந்தையைப் பறிகொடுத்தவராக ஆரம்பிக்கிறோம். இதைவிட அவசரமான காரியம் உண்டா? ஆனால் கேம் நம்மிடம் கேட்பது ஊர் ஊராகக் கட்டில் போடு, தண்ணீர் பம்பு வை என்பதைத்தான். பேச்சிலும் எப்போதும் நாலே பொத்தான். பெரும்பாலும் ஆமாம், இல்லை, நக்கல், கேள்வி. இதில் ஒரு பாத்திரம் எங்கிருந்து வளரும்?

அதே ஆண்டு வந்த விட்சர் 3-இலும் தேடல்தான் கதை. வித்தியாசத்தை வெலன் பகுதியில் பார்க்கலாம். நாயகன் தேடும் வளர்ப்பு மகள் சிரியைப் பற்றித் தகவல் வேண்டுமென்றால், அங்குள்ள பிரபுவின் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துத் தர வேண்டும். (ஆங்கிலப் பட்டத்தை அப்படியே எழுதினால் ‘பேரன்’ ஆகிவிடும், பிரபு என்றே வைத்துக்கொள்வோம்.) குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் அவன். கருவிலேயே போன பிள்ளையைப் பெயர்கூட வைக்காமல் புதைத்திருக்கிறான். அது பேயாக எழுகிறது. வெட்டிப் போடலாம். அல்லது அவனே அதைக் கையில் ஏந்தி, வாசற்படியில் பெயர் சூட்டிப் புதைக்க வேண்டும். நடக்க நடக்க அது சீறும். அடக்குவது நம் வேலை. அந்த நூறு தப்படியில் வசனம் சொல்லாததை அவன் நடை சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் கூலியாகச் சிரியின் கதையில் ஒரு துண்டு கிடைக்கிறது. அதாவது பக்கக் கதையே கட்டியங்காரன்.

கெடுவது எங்கே என்றால், மேப்பில் கொட்டிக் கிடக்கும் கேள்விக்குறிகளில். அவற்றை முதலில் துடைத்து முடித்தால் நம் லெவல் ஏறிவிடும். குவெஸ்டின் (கேம் தரும் வேலையின்) லெவலை விட ஆறு கூடினால் அது சாம்பல் நிறமாகிவிடும், அனுபவப் புள்ளியும் பேருக்குத்தான். பிரபுவின் குவெஸ்ட் லெவல் 6-ஐ ஒட்டியது. வெலனில் நுழைந்ததும் அதைத் தொட்டுவிடுங்கள். 2022 டிசம்பரில் வந்த 4.0 அப்டேட்டில் கேள்விக்குறிகளை மறைக்கும் மேப் ஃபில்டர் இருக்கிறது. ஸ்கெல்லிகே தீவுகளின் கடலில் மிதக்கும் பெட்டிகளைத் தேடிப் படகோட்டுவது வீண் வேலை.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) வேறு வழியில் போகிறது. கதையை இடத்தில் கட்டாமல் உடம்பில் கட்டியிருக்கிறார்கள். இரண்டாம் அத்தியாயத்தில் கடன் வசூலுக்குப் போன நாயகன் ஆர்தர், ஒரு கொள்ளைக் கும்பலைச் சேர்ந்தவன், நோயாளி டவுன்ஸை அடிக்கிறான். அவர் இருமிய ரத்தம் இவன் முகத்தில் தெறிக்கிறது. காசநோய் என்று தெரிவது ஆறாம் அத்தியாயத்தில். அதற்குப் பிறகு மீன் பிடித்தாலும் சரி, குதிரையில் சும்மா திரிந்தாலும் சரி, இளைத்த உடம்பும் இருமலும் கூடவே வரும். எவ்வளவு சுற்றினாலும் கதையை மறக்க முடியாது. கும்பலின் முகாமில் நின்று கேட்டால், பேச்சு நாளுக்கு நாள் கசப்பதும் காதில் விழும்.

ஆனால் மிஷனுக்குள் மூச்சு முட்டும். எதிரியைப் பின்பக்கமாக மடக்கலாமென்று ஒதுங்கினால் ‘தோல்வி’. பணக் கணக்கும் உதைக்கிறது: இரண்டாம் அத்தியாய முகாமுக்குப் பக்கத்தில் எரிந்துபோன லிம்பனி ஊரில், ஷெரீஃப் அலுவலகப் பெட்டியில் ஒரு தங்கக் கட்டி. திருட்டுச் சரக்கு வாங்குபவனிடம் 500 டாலர். பை நிறையப் பணம் இருக்கும்போதே கும்பல் தலைவன் டட்ச், பணமில்லையே என்று புலம்புவான்.

செல்டா: டியர்ஸ் ஆஃப் த கிங்டம் (2023) கதையைத் தரைச் சித்திரங்களாகச் சிதறிவிட்டது. எதை முதலில் பார்ப்பது என்பது நம் இஷ்டம். முக்கிய மர்மம் முதல் நாளே உடைந்தாலும் உடையும். அதைவிட எரிச்சல், நான்கு கோயில்களை முடித்தபின் வரும் நான்கு காட்சிகளும் ஏறக்குறைய ஒரே வசனம். மறக்கப்பட்ட கோயிலின் உள்ளறைச் சுவரில் சித்திரங்களின் வரிசை இருக்கிறது. முதலில் அங்கே போங்கள்.

தினமும் ராத்திரி ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் விட்சர் 3. துண்டு துண்டாக ஆடினாலும் ஒவ்வொரு துண்டும் நிற்கும். செமஸ்டர் விடுமுறையில் பத்து நாள் சேர்ந்தாற்போல் கிடைத்தால் ரெட் டெட். பிசியில் அதற்கு 150 ஜிபி இடம் ஒழிக்க வேண்டும்; 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறங்கச் சுமார் ஏழு மணி நேரம். ராத்திரி கூத்துக்குக் கிளம்பும்போது டவுன்லோடு போட்டால், விடிந்து வீடு திரும்பும்போது தயாராக இருக்கும்.