அயர்ன் சுக்ரோஸா, ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸா?

இரும்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்டர் ட்ரிப்ஸ் எழுதும்போது வரும் குழப்பம் இது. இரண்டுமே நானோ துகள்கள்தான்: நடுவில் இரும்பு, சுற்றிலும் சர்க்கரை உறை. ரத்தத்தில் ஏறியதும் கல்லீரல், மண்ணீரலில் உள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றை விழுங்கி, இரும்பைப் பிரித்து உடலுக்குக் கொடுக்கின்றன.

அளவு
சுக்ரோஸ்: ஒரு தடவைக்கு வழக்கமாக 200 மி.கி. பல நடை போகவேண்டும்.
கார்பாக்ஸிமால்டோஸ்: எடை போதுமானால் 1000 மி.கி. வரை, 15 நிமிடத்தில்.

விலை
சுக்ரோஸ் மலிவு. ஆனால் பஸ் செலவையும் அன்றன்று இழக்கிற கூலியையும் சேர்த்துப் பாருங்கள்.

நோய் எதிர்ப்பு செல்கள்
இதைத்தான் யாரும் சொல்வதில்லை. சுக்ரோஸின் உறை சற்றுத் தளர்வானது. எதனுடனும் பிணையாத இரும்பு சீக்கிரம் கசியும். அது செல்லுக்குள் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்லைச் சேதப்படுத்தும் வேதிவினைகளை, உண்டாக்கும். ஒரே தடவையில் அதிகம் ஏற்றாததற்கும் இந்தக் கசிவே காரணம். கார்பாக்ஸிமால்டோஸ் இறுக்கமானது, மெதுவாகவே பிரியும். எதுவானாலும் கிருமிகளுக்கும் இரும்பு தீனி என்பதால், கடும் தொற்று இருக்கும்போது தள்ளிப்போடுவதே நல்லது.

பக்கவிளைவு
கார்பாக்ஸிமால்டோஸ் ரத்தத்தில் பாஸ்பரஸைக் குறைக்கலாம். திரும்பத் திரும்பப் போடுபவர்கள் அதைப் பரிசோதிக்கவேண்டும்.

டயாலிசிஸுக்கு எப்படியும் வருபவர்களுக்கு சுக்ரோஸ் போதும். பிரசவம் நெருங்கியும் ரத்தம் குறைவாக உள்ள பெண்ணுக்கு, என் பார்வையில், கார்பாக்ஸிமால்டோஸே பொருத்தம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் இரண்டும் வேண்டாம்.